ஊர் இரவல் கொடுத்த குரல்

கடலுக்கு முதுகைக் காட்டி உட்காரும் மனிதர் புன்னைத்துறையில் அதுவரை இருந்ததில்லை, மீன் ஏலக்காரர் கித்தேரியான்தான் முதல் ஆள். தொண்டையில் வந்த கட்டியை எடுக்கப்போன டாக்டர்கள் குரல்வளையையும் சேர்த்தே எடுக்க வேண்டியதாகி, கழுத்தில் ஒரு சிறு துளையோடு வீடு வந்து சேர்ந்த அன்று, வாசலைப் பார்த்துக் கிடந்த பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கிச் சுவரைப் பார்க்கப் போட்டு உட்கார்ந்தார், உட்கார்ந்தவர் உட்கார்ந்தவர்தான். ஒரு காலத்தில் அவர் கரையில் நின்று ஏலம் கூறினால் பாறை மீனும் ஒருமுறை கண்ணை உருட்டிப் பார்த்துவிட்டுத்தான் உயிரை விடும் என்பார்கள், பக்கத்து ஊர் வியாபாரிகள் விலை கூடினாலும் பரவாயில்லை என்று அவர் வாயைப் பார்க்க வந்து நிற்பார்கள் என்பார்கள். இதில் பாதி பொய் என்றாலும் மீதி உண்மை.

அவர் மனைவி செசிலிக்கு ஏலம் நின்றுபோனதில் பெரிய வருத்தமில்லை. ஏலம் முடிந்ததும் இரண்டு தெரு தள்ளியிருக்கும் வீட்டுக்குக் கேட்கிற மாதிரி “ஏளா, செசிலி” என்று ஒரு சத்தம் கொடுப்பார், அதைக் கேட்ட பிறகுதான் அவள் உலையில் அரிசி போடுவாள், அதே சத்தத்தை நம்பி அரிசி போட்ட வீடுகள் ஊரில் இன்னும் பல இருந்தன. சத்தம் நின்ற பிறகு சோறு ஒருநாள் குழைந்தது, ஒருநாள் வேகவில்லை. பேசுவதற்கென்று வாங்கிக் கொடுத்த சிலேட்டில் முதலில் வரி வரியாக எழுதியவர், பிறகு ஒற்றைச் சொல்லுக்கு வந்து, கடைசியில் ‘வேண்டாம்’ என்று எழுதியதை அழிக்காமலே மடியில் வைத்துக்கொண்டு எந்தக் கேள்விக்கும் அதையே தூக்கிக் காட்டினார். காப்பிக்கும் அதுதான், கோயிலுக்கும் அதுதான். இப்படியே போனால் உயிரோடு இருப்பதற்கும் அதையே காட்டிவிடுவாரோ என்று செசிலி பயந்தாள்.

தங்கை மகன் ஒருவன் செல்போனில் பேசும் செயலி ஒன்றைப் போட்டுக் கொடுத்தான். அதில் ‘பசிக்குது’ என்று தட்டினால், செய்தி வாசிக்கிற மாதிரி ஒரு பெண் குரல், ‘எனக்குப் பசி எடுக்கிறது’ என்று சொன்னது. கித்தேரியான் போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, சிலேட்டின் பின்பக்கத்தில், ‘இந்தப் பொம்பள கொரல்ல எம் பொண்டாட்டிய நான் கூப்பிட மாட்டேன்’ என்று எழுதினார். அதைப் படித்துச் செசிலிக்குச் சிரிப்பும் வந்தது, அடுக்களைக்குப் போய் அழுகையும் வந்தது.

அவள் படிப்பில்லாதவள் அல்ல. ஊர் ஐஸ் கம்பெனியில் கம்ப்யூட்டர் ஆபரேட்டராக இருந்தவள், கம்பெனி மூடியபோது யாரும் சீந்தாமல் கிடந்த பழைய கம்ப்யூட்டர் அவளோடு வீடு வந்திருந்தது. குரலை நம் இஷ்டத்துக்குக் கனமாக்கலாம், கரகரப்பாக்கலாம், இழுக்கலாம் என்று ஒரு பேச்சு மென்பொருளைப் பற்றி இணையத்தில் படித்தாள். உலகத்தின் எந்தெந்த மூலையிலோ இருக்கிறவர்கள் ஒருவரையொருவர் பார்க்காமலே சேர்ந்து எழுதி, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று திறந்து வைத்த மென்பொருள் அது. ஆனால் செசிலியின் கம்ப்யூட்டரில் இருந்த இயங்குதளத்தைச் செய்த நிறுவனம் எப்போதோ கடையைச் சாத்திவிட்டது, அதற்கென்று புதிதாக யாரும் எதையும் செய்வதில்லை. அவள் எழுதிக் கேட்டாள். எங்கோ இருந்த ஒரு நல்ல மனிதர் மறுநாளே பதில் போட்டார்: உங்கள் இயங்குதளத்தை நாங்கள் ஆதரிப்பதில்லை, மூலநிரல் இதோ இருக்கிறது, நீங்களே கம்பைல் செய்து பாருங்கள், முடிந்தால் எங்களுக்கும் எப்படி என்று சொல்லுங்கள்.

அதாவது, ஓட்டலில் பொட்டலம் கட்டிய சோறு உன் ஊருக்கு வராது, அரிசி பருப்பு மிளகாய் எல்லாம் தருகிறோம், ஆக்கும் விதத்தையும் சொல்கிறோம், உன் அடுப்பில் நீயே ஆக்கிக்கொள் என்பது. செசிலிக்கு அது நியாயமாகவே பட்டது. மீன்பிடித் தடைக்காலம் தொடங்கி, விசைப்படகுகள் எல்லாம் கரையேறி, ஊரே கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த சித்திரை மாதத்தில் ஒருநாள் காலை ஜெபம் முடித்து அவள் அடுப்பை மூட்டினாள். தடைக்காலம் முடிந்து படகுகள் இறங்கும்போது கித்தேரியானும் கரைக்கு இறங்க வேண்டும், அதற்குள் ஆகவேண்டும் என்பது அவள் கணக்கு.

கம்பைல் செய்து பார்த்தவர்களுக்குத் தெரியும், அது நேர்வழியில் போகாது, பாதியில் நின்று இன்னது காணவில்லை என்று சொல்லும், அதைத் தேடிக் கொண்டுவந்து கொடுத்தால் இன்னும் கொஞ்சம் ஓடிவிட்டு வேறொன்றைக் காணவில்லை என்னும், அதற்கு இன்னொன்று வேண்டும் என்னும். முதல் வாரம் இணையத்தில் தேடித் தேடிக் கொடுத்தாள். அதன் பிறகு திரையில், ‘பேசுமுன் தொண்டையைச் செருமும் செருமல் காணவில்லை’ என்று வந்தது. இணையத்தில் எங்கும் அது இல்லை. அவளே செருமிப் பார்த்தாள், இயந்திரம் அசையவில்லை. அப்போது வீட்டு வாசலில் உபதேசியார் தொம்மை வந்து நின்றார். கோயிலில் ஜெபம் சொல்லிக்கொடுக்கும் தொம்மை யார் வீட்டுக்குப் போனாலும், உள்ளே பெண்கள் எந்தக் கோலத்தில் இருப்பார்களோ என்று வாசலிலேயே நின்று ஒரு செருமல் செருமுவார், அன்றும் செருமினார், திரையில் வரிகள் கடகடவென்று ஓடத் தொடங்கின.

தொம்மையால் அதற்குப் பிறகு செரும முடியவில்லை. தொண்டை நன்றாகத்தான் இருந்தது, செருமல் மட்டும் அங்கே இல்லை. முன்னறிவிப்பில்லாமல் நாலு வீட்டுக்குள் நுழைந்து நாலு வீட்டிலும் ஏச்சு வாங்கிய பிறகு அவர் செசிலியிடம் வந்து விசாரித்தார், விஷயம் தெரிந்ததும் சற்று யோசித்துவிட்டு, கித்தேரியான் தன் கல்யாணத்துக்கு மாப்பிள்ளைத் தோழனாக நின்றவன், வேலை முடியும்வரை இயந்திரமே வைத்துக்கொள்ளட்டும் என்று சொல்லிப் போனார். அதன் பிறகு எந்த வீட்டுக்குப் போனாலும் வாசலில் நின்று கையைத் தட்டினார். பெண்கள் பழகிக்கொண்டார்கள்.

அடுத்தடுத்து இயந்திரம் காணவில்லை என்றவற்றையெல்லாம் வீடு வீடாகப் போய்க் கேட்கச் செசிலிக்குக் கால் போதவில்லை. பங்குச்சாமியிடம் சொன்னாள். அவர் ஞாயிறு பூசை முடிவில், கல்யாண ஓலை வாசிக்கும் வழக்கப்படி, இன்னார் மகனுக்கும் இன்னார் மகளுக்கும் கல்யாணம், தடை இருந்தால் சொல்லலாம் என்று வாசித்து முடித்த கையோடு, கித்தேரியான் குரலுக்கு இன்னது காணவில்லை, வைத்திருப்பவர்கள் கொடுக்கலாம் என்று அதையும் வாசித்தார். ஊர் அதை ஓலையாகவே எடுத்துக்கொண்டது. பூசை முடிந்ததும் செசிலி வீட்டில் கூட்டம். பெருமூச்சு ஒன்று வேண்டும் என்று வாசித்த வாரம், கல்யாணமாகிப் போன மாதம் ஊருக்கு வந்த மருமகள் ஒருத்தி கொண்டுவந்த பெருமூச்சை இயந்திரம் மிகப் புதியது என்று தள்ளியது, கிழவி ஒருத்தியின் பெருமூச்சை மிகப் பழையது என்று தள்ளியது. சரக்குக் கப்பலில் வேலைசெய்யும் கணவன் இந்த வருஷம் வருகிறேன் வருகிறேன் என்று வராமலே இருந்த பெர்னத்தம்மாளின் பெருமூச்சு சரியாகப் பொருந்தியது. அதைக் கொடுத்த பிறகு பெர்னத்தம்மாளுக்கு நெஞ்சில் வந்ததை மூச்சாக விட வழியில்லாமல் போய், ஒருநாள் போனை எடுத்துக் கணவனிடம் அத்தனையையும் வாயாலேயே சொல்லிவிட்டாள். அவன் அடுத்த துறைமுகத்திலேயே இறங்கி ஊருக்கு வந்துவிட்டான்.

கருவாடு விற்கும் குருசம்மாள் தன் ஏச்சைக் கொடுத்தாள். ஏலக்காரன் குரலில் கொஞ்சம் காரம் இல்லாவிட்டால் எவன் மதிப்பான் என்பது அவள் கட்சி. ஏச்சு போன பிறகு அவள், “வாங்கம்மா, பாத்து எடுத்துக்கோங்கம்மா” என்று கருவாடு விற்றதில், சரக்கில் ஏதோ கோளாறு என்று வாடிக்கையாளர்கள் அடுத்த கடைக்குப் போனார்கள். அவள் சிரித்தபடியே தாங்கிக்கொண்டாள், வேறு வழியில்லை. சிலேட்டைத் தூக்கிக் காட்டும் கித்தேரியான், தன் முதுகுக்குப் பின்னால் ஊரே வந்து வந்து போவதைக் கேட்டுக்கொண்டு சுவரைப் பார்த்தபடி இருந்தார். ஆனால் யாராவது எதையாவது கொடுத்துவிட்டு வெறுங்கையோடு படியிறங்கும்போது அவர் காது சற்று அந்தப் பக்கம் திரும்புவதைச் செசிலி கவனித்தாள்.

பிறகு வந்தது பெரிய சிக்கல். சிரிப்பு காணவில்லை என்றது இயந்திரம். யாரோ சிரித்தார்கள். இந்தச் சிரிப்பை எடுக்க வேண்டுமானால் முதலில் அழுகை வேண்டும் என்றது. யாரோ அழுதார்கள். இந்த அழுகையை எடுக்க வேண்டுமானால் முதலில் சிரிப்பு வேண்டும் என்றது. இப்படி ஒன்றின் வாலை ஒன்று கடித்துக்கொண்டு நின்றதில் வாரங்கள் போயின. சாமியார் இரண்டையும் சேர்த்து ஓலை வாசித்தார், அங்கேதான் ஊர் தன் புத்தியைக் காட்டியது. வலை பின்னுகிற மொராயிஸ் கோயில் நடுவில் எழுந்து நின்று, இந்த ஓலைக்குத் தடை இருக்கிறது என்றார். சிரிப்பும் அழுகையும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள், கூடப் பிறந்ததுகளுக்குள் கல்யாணம் செய்துவைக்கத் திருச்சபையில் இடமில்லை, ஆயரிடம் விலக்கு வாங்காமல் சேர்த்தால் பாவம் என்றார். பாதிக் கோயில் ஆமாம் என்றது. இது கல்யாணம் இல்லை என்று சாமியார் சொல்லச் சொல்ல, பின்னே எதற்கு ஓலை வாசித்தீர்கள் என்று கேட்டார்கள். ஆயருக்கு விண்ணப்பம் எழுதுவது என்று முடிவாயிற்று. தடைக்காலம் முடிய இன்னும் கொஞ்ச நாள்தான் இருந்தது. செசிலி வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள், இயந்திரம் அதையும் முறைப்படி நிராகரித்தது.

வழி திறந்தது எதிர்வீட்டு ஜெனோவாவால். விண்ணப்பத்துக்குக் கைநாட்டு வைக்கச் செசிலி வீட்டுக்கு வந்தவள் இடுப்பில் கைக்குழந்தையோடு வந்தாள். இன்னும் ஞானஸ்நானம் ஆகாத பிள்ளை, முகத்தைக் கோணினால் அழப்போகிறதா சிரிக்கப்போகிறதா என்று பெற்றவளுக்கே தெரியாத பருவம். அது கம்ப்யூட்டரைப் பார்த்து, இரண்டும் இன்னும் பிரியாத ஒரு சத்தம் போட்டது. திரை நகர்ந்தது. ஒரு வயிற்றுப் பிள்ளைகள்தான் என்றாலும் இன்னும் பிறக்கவில்லையே, தடை இல்லை என்று மொராயிஸே ஒத்துக்கொண்டார். ஆனால் சத்தத்தைக் கொடுத்துவிட்ட பிள்ளை வாயைத் திறந்தது, ஒன்றும் வரவில்லை. ஜெனோவா செசிலியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“பசிச்சா எனக்கு எப்படித் தெரியும்க்கா?” என்று கேட்டாள்.

தெருப் பெண்கள் முறை வைத்துக்கொண்டு பிள்ளையின் பக்கத்தில் உட்கார்ந்து முகத்தையே பார்த்தார்கள், உதடு குவிந்தால் ஒருத்தி ஓடிப்போய் ஜெனோவாவைக் கூப்பிட்டாள்.

மறுநாள் இயந்திரம் ஒரு கேள்வி கேட்டது. வாங்கியவற்றையெல்லாம் குரலுக்குள்ளேயே பதித்துவிடவா, அல்லது கொடுத்தவர்களிடமே விட்டுவைத்து, குரல் ஓடும்போது மட்டும் இரவல் வாங்கிக்கொள்ளவா? பதித்துவிட்டால் யாரையும் எதிர்பார்க்க வேண்டாம், ஆனால் கொடுத்தவர்களுக்குத் திரும்பாது. செசிலி கூடியிருந்தவர்களிடம் சொன்னாள். தொம்மை தன்னுடையதைப் பதித்துக்கொள்ளட்டும் என்றார், கைதட்டிப் பழகிவிட்டதாம். குருசம்மாளும் சரி என்றாள், ஏச்சு இல்லாததால் அதையும் இனிமையாகவே சொன்னாள். ஜெனோவா பிள்ளையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். அப்போது முதுகுப் பக்கம் நாற்காலி கிறீச்சிட்டது. கித்தேரியான் திரும்பி உட்கார்ந்திருந்தார். பிள்ளையை வெகுநேரம் பார்த்தார். சிலேட்டில் மாதக்கணக்காகக் கிடந்த சொல்லை உள்ளங்கையால் துடைத்துவிட்டு, ‘இரவல் போதும்’ என்று எழுதிக் காட்டினார்.

செசிலி அப்படியே கட்டளை கொடுத்தாள். இனி ஒன்றே ஒன்றுதான் பாக்கி என்றது திரை. ‘கேட்பவரின் ம் காணவில்லை.’

கதை கேட்கிறவர்கள் நடுநடுவே ‘ம்’ கொட்டுவார்களே, அது. அது இல்லாமல் எந்தக் குரலுக்கும் அடுத்த வாக்கியத்துக்குப் போகத் தெரியாது போலிருக்கிறது. கூடியிருந்த எல்லோரும் ஆளுக்கொரு ‘ம்’ சொல்லிப் பார்த்தார்கள், சாமியார்கூடச் சொன்னார், பாவசங்கீர்த்தனத்தில் கேட்டுக் கேட்டுத் தேய்ந்த ‘ம்’ அது. எதுவும் பொருந்தவில்லை. பொருந்தாது என்று செசிலிக்குத் தெரியும். கல்யாணமான நாள் முதல் அந்த மனிதரின் வாய்க்கு ஈடு கொடுத்து, மீன் கழுவிக்கொண்டும், துணி மடித்துக்கொண்டும், பாதித் தூக்கத்திலும் அவள் சொன்ன ‘ம்’ வேறு யாரிடம் இருக்கும்? அவள் குனிந்து இயந்திரத்திடம் அதைச் சொன்னாள். திரை ஓடி முடிந்து நின்றது. குரல் ஆயிற்று.

படகுகள் கடலுக்குப் போய்த் திரும்பிய முதல் நாள், கம்ப்யூட்டரை மீன் தள்ளுவண்டியில் ஏற்றி, ஒரு பேட்டரியும் கோயில் ஒலிபெருக்கியும் வைத்துக் கரைக்குக் கொண்டுபோனார்கள். விலைக்கு ஒரு பொத்தான், தரத்துக்கு ஒரு பொத்தான் என்று செசிலி பிரித்து வைத்திருந்தாள். கித்தேரியான் முதல் பொத்தானை அழுத்தினார். செருமிக்கொண்டு வந்தது குரல். தொம்மையின் செருமல், பெர்னத்தம்மாளின் மூச்சு, குருசம்மாளின் காரம் எல்லாம் அதில் இருந்தன, ஆனாலும் கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் அது கித்தேரியான்தான், வேறு எவனும் இல்லை. ஊரில் ஏலம் நடக்கும் நேரத்தில் தொம்மை யார் வீட்டுக்கும் போகவில்லை, குருசம்மாள் கடையைத் திறக்கவில்லை, ஜெனோவா பிள்ளையைத் தூக்கி மடியில் வைத்து அதன் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். இரவல் கொடுத்தவர்களுக்கு ஏல நேரம் ஓய்வு நேரம் என்று அன்றே வழக்கமாகிவிட்டது. கடைசிக் கூடை போனதும் கித்தேரியான் தட்டுத் தடுமாறி ஒவ்வொரு எழுத்தாகத் தேடி அழுத்தினார். “ஏளா, செசிலி” என்றது குரல். அவள் பக்கத்திலேயேதான் நின்றிருந்தாள். முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். ஊரில் எங்கெங்கோ அரிசி உலையில் விழுந்தது.

சாப்பிட்டு முடித்த மத்தியானம் அவர் கம்ப்யூட்டரை மேசைமேல் வைத்து அவள் எதிரே உட்கார்ந்துகொண்டார். இத்தனை மாதம் சேர்த்துவைத்ததெல்லாம் ஒற்றை விரலில் வரவேண்டியிருந்தது.

“ஆபரேசனுக்கு மயக்க ஊசி போடும்போது, ஒண்ணு ரெண்டு எண்ணச் சொன்னாவளா. எனக்கு எண்ணவா தெரியும்? ஏலம்தான் வந்துது. என் உசுர ஏலத்துக்கு விட்டுருக்கு, யாரோ கேக்காவ. நான்தான் கூறுதேன். ஒருதரம்னேன். ரெண்டு தரம்னேன்.”

அங்கே நிறுத்தி அவளைப் பார்த்தார். அவர் எப்போதும் நிறுத்துகிற இடம் அது. செசிலி வாயைத் திறந்தாள். அவளுக்கு ‘ம்’ வரவில்லை, அது அந்தக் குரலுக்குள் இருந்தது. தலையை ஆட்டினாள், கையை நீட்டி அவர் கையைப் பிடித்தாள், கண்ணில் நீர் வந்தது, ‘ம்’ மட்டும் வரவில்லை. “கேக்கியாளா?” என்று கேட்டது குரல். அவள் மறுபடி தலையை ஆட்டினாள். கித்தேரியான் அடுத்த எழுத்துக்கு விரலைக் கொண்டுபோனார், அழுத்த முடியவில்லை. ஊருக்கே கூவி விலை சொல்லிவிடலாம், பெண்டாட்டியிடம் ‘ம்’ இல்லாமல் ஒரு கதை சொல்ல அவருக்குத் தெரியாது.

அவர் கையை நீட்டிக் கம்ப்யூட்டரை நிறுத்தினார்.

எதிர்வீட்டில் பிள்ளை வீறிட்டு அழுதது, தெருவில் எங்கோ தொம்மை செருமினார், குருசம்மாள் யாரையோ வண்டை வண்டையாக ஏசினாள். ஆபரேஷனுக்குப் பிறகு கித்தேரியான் ஒருமுறைகூட வாயசைத்துப் பேசியதில்லை, சத்தம் வராத வாயைத் திறந்து காட்டுவது அவருக்கு அவமானம். இப்போது நாற்காலியை அவளுக்கு நெருக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டு, வெட்கத்தோடு வாயைத் திறந்தார். உதடு மட்டும் அசைந்தது. மூணாந்தரம் சொல்லலளா, அதுக்குள்ள தூங்கிட்டேன், ஏலம் முடியல, அதான் யாரும் என்னக் கொண்டுபோகல.

“ம்” என்றாள் செசிலி.